முதல் சொல்லுக்கு முன்னால்: குழந்தைக்கு மொழி எப்படி வருகிறது?

ஏறக்குறைய ஒரு வயதில் குழந்தை 'அம்மா' என்றோ 'டாட்டா' என்றோ முதல் சொல்லைச் சொல்கிறது. வீடே கொண்டாடுகிறது. அன்றுதான் மொழி தொடங்கியது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே குழந்தை ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது. வீட்டில் பேசப்படும் மொழியின் ஒலிகள் எவை, ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது, எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதை அது காதாலேயே கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. காதுதான் முன்னால் ஓடுகிறது, வாய் பின்னால் வருகிறது. குழந்தையின் பேச்சைப் பற்றிப் பெற்றோருக்கு எழும் பாதிக் குழப்பங்கள் இந்த வரிசை தெரியாததால் வருபவை.

காது எப்போது வேலையைத் தொடங்குகிறது? கர்ப்பத்தின் ஆறாம், ஏழாம் மாதத்திலேயே. வயிற்றுக்குள் போய்ச் சேரும் பேச்சில் எழுத்துகள் தெளிவாக இருக்காது. ஏற்ற இறக்கமும் தாளமும்தான் இருக்கும். அதுவே சிசுவுக்குப் போதுமானதாக இருக்கிறது. 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் தாயின் குரல் வரும்படி சப்பும் விதத்தை மாற்றிக்கொண்டன. 2009இல் ஜெர்மனியில் வெர்ம்கேயின் குழு, பிறந்த சில நாள்களே ஆன குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து ஒப்பிட்டது. பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை தாழ்வாகத் தொடங்கி மேலே ஏறுவதாகவும், ஜெர்மன் குழந்தைகளின் அழுகை உயர்வாகத் தொடங்கிக் கீழே இறங்குவதாகவும் இருந்தன. அந்தந்த மொழியின் ராகமும் ஏறக்குறைய அப்படித்தான்.

'த' வேறு, 'ட' வேறு

இந்தத் துறையில் தமிழர்களால் எளிதில் உணரக்கூடிய ஆய்வு ஒன்று உண்டு. 'பத்து' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி மேற்பல்லைத் தொடுகிறது. 'பட்டு' என்று சொல்லுங்கள். நுனி பின்னோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. நமக்கு இவை சந்தேகமே இல்லாமல் இரண்டு ஒலிகள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த பெரும்பாலானவர்களுக்கு இந்த வித்தியாசம் காதில் விழுவதே இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னாலும் ஒரே 'டி' என்றுதான் கேட்கும்.

அப்படியானால் அவர்களுடைய குழந்தைகளுக்கு? கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கர் இதைச் சோதித்தார். இந்தியிலும் 'த', 'ட' வேறுபாடு உண்டு என்பதால் இந்தி ஒலிகளை எடுத்துக்கொண்டார். குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்திருக்கும். ஒலிபெருக்கியில் 'த… த… த…' என்று ஓடிக்கொண்டிருக்கும். அது 'ட'வாக மாறிய கணத்தில் குழந்தை பக்கத்தில் இருக்கும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தால், உள்ளே விளக்கு எரிந்து ஒரு பொம்மை ஆடும். ஒலி மாறியதைக் கண்டுபிடித்தால்தான் பொம்மை கிடைக்கும். ஆங்கிலம் மட்டும் பேசும் வீடுகளின் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை சரியாகத் திரும்பின. அவர்களுடைய பெற்றோரால் முடியாத ஒன்று அது. எட்டு முதல் பத்து மாதத்தில் திரும்பும் குழந்தைகள் குறைந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் திரும்பவில்லை. அதே வயதில் இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகள் தவறாமல் திரும்பின. வெர்க்கரும் டீஸும் 1984இல் இந்த முடிவுகளை வெளியிட்டார்கள்.

பிறக்கும்போது குழந்தை எந்த மொழிக்கும் தயாராகத்தான் பிறக்கிறது. ஒரு வயதுக்குள் தன் வீட்டுக்குத் தேவையான ஒலிகளைக் கூர்மையாக்கிக்கொண்டு, தேவையற்ற வேறுபாடுகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது. இதை 'இழப்பு' என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே 'ட'வை அம்மா ஒரு மாதிரியும் தாத்தா ஒரு மாதிரியும் சளி பிடித்த அக்கா இன்னொரு மாதிரியும் சொல்வார்கள். எந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தெரிந்தால்தான் இவற்றையெல்லாம் ஒரே எழுத்தாகக் கேட்க முடியும். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொல்லும் வீட்டில் வளரும் குழந்தை 'பளம்' என்றே கற்பதும் இதனால்தான். அது தவறாகக் கற்கவில்லை, கேட்டதை மிகச் சரியாகக் கற்றிருக்கிறது.

இடைவெளி இல்லாத பேச்சு

எழுதும்போது சொல்லுக்குச் சொல் இடம் விடுகிறோம். பேசும்போது விடுவதில்லை. 'உக்காந்துசாப்ட்டுட்டுப்போ' என்று ஒரே மூச்சில்தான் வருகிறது. தெரியாத மொழி ஒன்றைக் கேட்டால் எல்லாம் சேர்ந்து ஓடுவதுபோல் இருக்கிறதே, பிறந்த குழந்தைக்குத் தமிழும் அப்படித்தான். அதிலிருந்து சொற்களை எப்படிப் பிரித்தெடுக்கிறது?

ஒரு வழி, எண்ணிப் பார்ப்பது. 'பாப்' என்ற ஒலிக்குப் பின்னால் 'பா' வருவது மிக அடிக்கடி நடக்கிறது. 'பாப்பா'வுக்குப் பின்னால் என்ன வரும் என்று சொல்ல முடியாது: 'பாப்பா வா', 'பாப்பா தூங்கு', 'பாப்பாக்குப் பசிக்குதா'. சொல்லுக்கு உள்ளே அடுத்த ஒலியை எளிதில் ஊகிக்கலாம். சொல் முடியும் இடத்தில் ஊகம் தடுமாறும். அந்தத் தடுமாற்றமே எல்லை.

எட்டு மாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கு வருமா? 1996இல் சாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் மூவரும் 'துபிரோ', 'கோலாபு', 'பிடாகு', 'படோட்டி' போன்ற பொருளற்ற சொற்களைச் செய்து, இடைவெளியோ அழுத்தமோ ஏற்ற இறக்கமோ இல்லாத இயந்திரக் குரலில் கலந்து ஒலிக்கவிட்டார்கள். எட்டு மாதக் குழந்தைகள் அதைக் கேட்டது வெறும் இரண்டு நிமிடம். பிறகு அந்தச் சொற்களையும், இரண்டு சொற்களின் எல்லையைத் தாண்டி வெட்டிய துண்டுகளையும் தனித்தனியே ஒலித்தபோது, குழந்தைகள் அந்தத் துண்டுகளைப் புதியவையாக எண்ணி அதிக நேரம் கவனித்துக் கேட்டன. எந்த ஒலிக்குப் பின் எது வரும் என்ற கணக்கை இரண்டே நிமிடத்தில் போட்டுவிட்டிருந்தன. நான் முதன்முதலில் இதைப் படித்தபோது மறுபடியும் அந்தப் பத்திக்குத் திரும்பிப்போய் 'இரண்டு நிமிடம்' என்பதைச் சரிபார்த்தேன்.

சொல்லைப் பிரித்ததும் பொருள் ஒட்டத் தொடங்குகிறது. ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு முன்னால் இரண்டு படங்களை வைத்து, அதில் ஒன்றின் பெயரைத் தாய் சொன்னபோது, குழந்தைகளின் பார்வை சரியான படத்தின் பக்கம் கூடுதலாகச் சென்றதை 2012இல் பெர்கெல்சனும் ஸ்விங்லியும் காட்டினார்கள். சாப்பாட்டுப் பொருள்கள், உடல் உறுப்புகள் போன்ற அன்றாடச் சொற்கள்தான் அவை. ஒரு சொல்கூடப் பேசாத வயது அது.

வாய் வந்து சேர்கிறது

வாயின் பயணம் தனி. இரண்டு, மூன்று மாதத்தில் 'ஆ', 'ஊ', 'ங்கா'. ஆறேழு மாதத்துக்கு மேல் 'பபபபா', 'மமமமா', 'தததா' என்ற அடுக்கு மழலை. உதட்டை மூடித் திறந்தாலே வந்துவிடும் ஒலிகள் 'ப'வும் 'ம'வும். பல மொழிகளில் அம்மா, அப்பாவுக்கான சொற்கள் இந்த ஒலிகளைச் சுற்றியே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒன்பது, பத்து மாதத்தில் குழந்தை விரலை நீட்டிக் காட்டத் தொடங்கும்போது அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலாவைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறது. 'நான் பார்ப்பதை நீயும் பார்' என்று சொல்கிறது. சொல் கற்பதற்கு இந்தப் பங்கிட்ட கவனம் பெரிய துணை. 'அதோ நிலா' என்று நீங்கள் சொல்லும்போது 'நிலா' என்பது எதன் பெயர் என்று அதற்குச் சந்தேகம் எழுவதில்லை.

ஒன்றரை வயதை ஒட்டி ஏறக்குறைய ஐம்பது சொற்கள் சேர்கின்றன. குழந்தைக்குக் குழந்தை இது மிகவும் மாறும். கையில் இருக்கும் சொற்கள் குறைவு, உலகமோ பெரிது என்பதால் ஒரே சொல்லை இழுத்துப் பயன்படுத்தும். மீசை வைத்த எல்லோரும் 'மாமா', நான்கு காலில் நடக்கும் எல்லாம் 'பௌபௌ'. நேர்மாறாக, தன்னுடைய எவர்சில்வர் டம்ளரை மட்டும் 'டம்ளர்' என்று ஒப்புக்கொள்ளும் குழந்தையும் உண்டு.

'ர', 'ழ' போன்றவை நாக்குக்கு எளிதில் வசப்படாது. 'ரயில்' என்பதை 'லயில்' என்று சொல்லும் பிள்ளையிடம் நீங்களும் 'லயிலா?' என்று கேட்டுப் பாருங்கள். 'இல்ல… லயில்!' என்று கோபத்தோடு திருத்தும். நீங்கள் சொன்னது தவறு என்று அதற்குத் தெரிகிறது. தான் சொல்வதும் அதேதான் என்பது தெரியவில்லை. ஆங்கிலக் குழந்தை ஒன்றிடம் இதே நிகழ்வை 1960இல் ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரவுனும் பதிவு செய்திருக்கிறார்கள். காது சரியான வடிவத்தை வைத்திருக்கிறது, நாக்கு இன்னும் எட்டவில்லை. கேலி செய்து திருப்பிச் சொல்லச் சொல்வதைவிட, 'ஆமா, ரயில் போகுது' என்று சரியாகச் சொல்லிவிட்டு நகர்வது நல்லது.

இலக்கணம் மனப்பாடம் அல்ல

இரண்டு வயதுக்குச் சற்று முன்பின்னாக இரண்டு சொற்கள் சேர்கின்றன: 'பால் வேணும்', 'தாத்தா எங்க', 'அப்பா ஆபீஸ்'. ஆங்கிலக் குழந்தைகள் இந்தக் கட்டத்தில் சொற்களின் விகுதிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. துருக்கி மொழிக் குழந்தைகளோ இரண்டு வயதுக்குள்ளேயே வேற்றுமை உருபுகளைச் சரளமாகக் கையாள்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உருபுகள் சொல்லின் கடைசியில் தெளிவாக நின்று, ஒன்றுக்கு ஒரு பொருள் என்று ஒழுங்காக வருவதே காரணம். தமிழும் அதே வகைதான். 1989இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டு வயதுத் தமிழ்க் குழந்தையின் பேச்சிலும் இதை ஒத்த போக்கைக் கண்டது.

குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்கிறதா, விதியைக் கண்டுபிடித்திருக்கிறதா? 1958இல் ஜீன் பெர்கோ, இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி அதற்கு ஒரு பொய்ப்பெயர் சூட்டி, 'இப்போது இரண்டு இருக்கின்றன, இரண்டு என்ன?' என்று கேட்டார். அதுவரை யாரும் சொல்லியிராத அந்தச் சொல்லுக்குக் குழந்தைகள் சரியான பன்மை விகுதியைச் சேர்த்தன. தமிழில் இதை நீங்களே வீட்டில் செய்யலாம். மூன்று வயதுப் பிள்ளையிடம் இரண்டு பொம்மைகளைக் கொடுத்து ஒன்றுக்குத் 'தூலன்' என்றும் மற்றதற்கு 'மோப்பி' என்றும் பெயர் வையுங்கள். பிஸ்கட்டை நீட்டி 'இது யாருக்கு?' என்று கேளுங்கள். 'தூலனுக்கு' என்றும் 'மோப்பிக்கு' என்றும் பதில் வந்தால் நின்று கவனியுங்கள். முதல் பெயரில் 'உ' சேர்ந்தது, இரண்டாவதில் சேரவில்லை. இந்தப் பெயர்களை அந்தப் பிள்ளை அன்றுவரை கேட்டதே இல்லை. மெய்யில் முடியும் பெயருக்கு ஒரு விதி, இகரத்தில் முடிவதற்கு வேறு விதி என்று பள்ளிக்கூடம் போகாத தலைக்குள் ஏற்கெனவே பதிந்திருக்கிறது.

தவறுகளும் இதையே சொல்கின்றன. 'மரத்துல' என்பதற்குப் பதிலாக 'மரம்ல' என்று சொல்லும் குழந்தை அதை யாரிடமிருந்தும் கேட்டிருக்காது. 'வீட்ல', 'ஊர்ல', 'கார்ல' என்பவற்றிலிருந்து 'ல' சேர்க்கும் விதியை எடுத்து, மகரத்தில் முடியும் சொல்லுக்கும் பொருத்திப் பார்க்கிறது. இது மொழி பின்தங்கியதன் அடையாளம் அல்ல, விதி பிடிபட்டதன் அடையாளம்.

பெற்றோர் திருத்தித்தான் இலக்கணம் வருகிறது என்பதற்கும் ஆதாரம் குறைவு. பிரவுனும் ஹான்லனும் 1970இல் காட்டியபடி, பெற்றோர் குழந்தையிடம் பெரும்பாலும் திருத்துவது செய்தி உண்மையா என்பதைத்தான், வாக்கியம் சரியா என்பதை அல்ல. நம் வீடுகளில் ஒரு விலக்கு உண்டு. 'தாத்தா வந்தான்' என்று பிள்ளை சொன்னால் நான்கு பேர் ஒரே நேரத்தில் 'வந்தாங்கன்னு சொல்லு' என்பார்கள். மரியாதை விகுதியைச் சொல்லிக்கொடுக்கிறோம். 'மரம்ல' என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனாலும் அது தானாகவே 'மரத்துல' ஆகிவிடுகிறது.

இந்தத் திறமை பிறவியிலேயே இலக்கணத்துக்கென அமைந்த ஒன்றா, அல்லது எண்ணுவது, ஒப்பிடுவது, பிறர் நோக்கத்தை ஊகிப்பது ஆகிய பொதுத் திறமைகளின் கூட்டா என்பதில் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். முதல் கட்சிக்கு நோம் சாம்ஸ்கியும், இரண்டாவதற்கு மைக்கேல் டோமசெல்லோவும் பெயர் பெற்றவர்கள். பெற்றோருக்கு இந்தச் சர்ச்சை தீரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரு கட்சியும் ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டு: குழந்தைக்கு மொழி கேட்க வேண்டும், மனிதரிடமிருந்து.

செல்போன் பேசினால் போதாதா?

போதாது. 2003இல் சியாட்டிலில் பட்ரீஷியா கூல் இதைச் சோதித்தார். ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மாண்டரின் பேசுபவர்கள் நான்கு வாரங்களில் பன்னிரண்டு முறை உட்கார்ந்து புத்தகம் காட்டி விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்தன. இன்னொரு குழுவுக்கு அதே ஆள்கள், அதே பேச்சு, ஆனால் தொலைக்காட்சித் திரையில். மூன்றாவது குழுவுக்கு ஒலி மட்டும். இந்த இரண்டு குழுக்களும் எதையும் கற்கவில்லை, மாண்டரினே கேட்காத குழந்தைகளின் நிலையிலேயே இருந்தன.

திரையால் குழந்தையின் பார்வையைத் தொடர முடியாது, அது காட்டியதைப் பெயர் சொல்லி அழைக்க முடியாது, 'ங்கா' என்றதற்குப் பதில் 'ங்கா' சொல்ல முடியாது. இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம், அதன் பிறகும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சோறு ஊட்டும்போது செல்போனைக் கையில் கொடுத்துவிடும் வழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. காக்காவையும் நிலாவையும் காட்டிப் பேசியபடி ஊட்டிய அந்த அரை மணி நேரம்தான் ஒரு குழந்தைக்கு நாளின் மிக அடர்த்தியான மொழிப் பாடம்.

குழந்தையிடம் குரலை உயர்த்தி, இழுத்து, கொஞ்சிப் பேசுவது அதன் பேச்சைக் கெடுக்கும் என்று சிலர் தடுப்பார்கள். கெடுக்காது. அப்படிப்பட்ட பேச்சைத்தான் குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றன. 'ஜோஜோ', 'மம்மம்' எல்லாம் பயப்பட வேண்டியவை அல்ல. அதே சமயம் அது கட்டாயமும் இல்லை. பப்புவா நியூகினியின் கலுலி மக்கள் கைக்குழந்தையோடு உரையாடுவதே அரிது. ஆனாலும் குழந்தையைச் சுற்றி எப்போதும் பேச்சு உண்டு, அந்தக் குழந்தைகளும் மொழியை முழுமையாகக் கற்கின்றன.

இரண்டு மொழி கேட்டால் குழம்பிவிடும் என்பதும் வீண் பயம். 'அம்மா, மில்க் வேணும்' என்று கலந்து பேசுவது குழப்பம் அல்ல, கையில் இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்வது. ஆனால் பள்ளிக்காக என்று, தங்களுக்கே தட்டுத்தடுமாறி வரும் ஆங்கிலத்தில் மட்டும் குழந்தையோடு பேசும் பெற்றோரை நினைத்தால் கவலையாக இருக்கிறது. கோபம், கொஞ்சல், கதை, வம்பு எல்லாம் எந்த மொழியில் உங்களுக்குச் சரளமாக வருகிறதோ அந்த மொழியில் பேசுங்கள்.

மொழி என்பது வாயும் காதும் மட்டும் அல்ல. 1991இல் மொன்ட்ரியாலில் பெட்டிட்டோவும் மாரன்டெட்டும், சைகை மொழி பேசும் பெற்றோரின் காது கேளாத குழந்தைகள் கையாலேயே மழலை பேசுவதைக் கண்டார்கள். நிகராகுவாவில் 1970களின் இறுதியில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியபோது அங்கே பொதுவான சைகை மொழி எதுவும் இருக்கவில்லை. வீட்டுக்கு வீடு வேறான சைகைகளோடு வந்த பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து புதிய மொழியை உருவாக்கினார்கள். பின்னால் வந்த சிறு பிள்ளைகள் அதன் இலக்கணத்தை இன்னும் நுணுக்கமாக்கினார்கள். ஆசிரியர்களுக்கே அந்த மொழி புரியவில்லை.

ஆகவே காது கேட்காத குழந்தைக்கும் மொழி வரும், ஆனால் அதற்கு மொழி சீக்கிரம் கிடைக்க வேண்டும். பிறந்த ஒரு மாதத்துக்குள் கேட்கும் திறன் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு. நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பரம்பரையாக வரும் காதுக் குறைபாட்டின் வாய்ப்பு அங்கே கூடுதல்.

பத்து மாதத்தில் அடுக்கு மழலையே இல்லை, ஒரு வயதில் விரலால் சுட்டுவது இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் சொந்தமாக இரண்டு சொற்களைச் சேர்ப்பதில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த குழந்தை எந்த வயதிலாவது பேச்சை நிறுத்திவிட்டது என்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். 'ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசுவான்' என்று காத்திருக்காதீர்கள். நாக்கில் தேன் தடவினால் பேச்சு வரும் என்பதையும் கேட்காதீர்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பது குழந்தைக்கு ஆபத்து. முதலில் கேட்க வேண்டியது காதுப் பரிசோதனை. 'தட்டைத் தட்டினால் திரும்புதே, காது நல்லாத்தான் கேட்குது' என்று வீட்டில் சொல்வார்கள். ஓரளவு கேட்கும் குழந்தை தட்டு விழும் சத்தத்துக்குக் கட்டாயம் திரும்பும். 'ச', 'த', 'ப' போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் அதற்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். அதைக் காது பரிசோதகரின் கருவியால்தான் சொல்ல முடியும்.